விருதுப் பட்டியலில் கண்டியைத் தேடியவர்கள்

திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் ஆண்டுதோறும் விருது வழங்கும் விழா, அது நடைபெறும் நகரத்தில் ஒருவிதமாகவும், அதன் செய்தி மட்டும் சென்றடையும் ஊர்களில் வேறுவிதமாகவும் அனுபவிக்கப்படுகிறது. மண்டபத்தில் அமர்ந்திருப்போருக்கு மேடையும் உடையும் கைதட்டலும் உண்டு; கண்டி போன்ற ஊரில் இருந்தோருக்கு நெடுங்காலம் கிடைத்தது, அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ நாளிதழில் அச்சான பெயர்ப்பட்டியல் மட்டுமே. கண்டி நகரிலும், அதனைச் சூழ்ந்த பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி, தெல்தெனிய ஆகிய இடங்களிலும், மலைச்சரிவுகளில் இருந்த தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழர் அப்பட்டியலைப் படித்த முறைக்கு ஒரு தனித்தன்மை இருந்தது. வென்றவர் யார் என்பதை அறிந்த பின்னும் அவர்கள் நாளிதழை மடித்து வைக்கவில்லை. வென்றவற்றுள் தம் ஊருக்கோ மொழிக்கோ சிறிதேனும் உறவுடையது எது என்று தேடினர். இப்பழக்கத்தில் ஊர்ப்பெருமையின் குறுகலும் இருந்தது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் சினிமாவைக் கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொடுத்த பயிற்சியும் இந்நினைவுகளைப் பதிவுசெய்பவரின் தலைமுறைக்கு அதன் வழியாகவே வாய்த்தது.

தொலைக்காட்சி வருவதற்கு முன், விருதுச் செய்தி கண்டியை மூன்று வழிகளில் அடைந்தது. தினகரன், வீரகேசரி ஆகிய நாளிதழ்கள் ஒன்று; இலங்கை வானொலி இன்னொன்று; வெம்பிளி, ரீகல், ஓடியன் முதலான படமாளிகைகளின் முகப்பில் தொங்கிய விளம்பரத் தட்டிகள் மூன்றாவது. அமெரிக்கத் திரைப்படக் கலை அறிவியல் கழகம் 1929ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் ஒஸ்கார் விருதின் வாளேந்திய பொன்னிறச் சிலை, அத்தட்டிகளில் உள்ளூர் ஓவியரின் கைவண்ணத்தில் சற்றே தொப்பையுடன் காட்சியளித்ததுண்டு. ஒஸ்காருக்கு அடுத்தபடியாகப் பேசப்பட்ட கோல்டன் குளோப் விருது, ஹொலிவூட்டில் பணியாற்றிய வெளிநாட்டுப் பத்திரிகையாளர் 1944ஆம் ஆண்டில் தொடங்கியது. 1956ஆம் ஆண்டு முதல் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் சேர்த்துக்கொண்டதால், பெரிய திரையையும் சின்னத் திரையையும் ஒரே மேடையில் கௌரவிக்கும் விழாவாக அது வளர்ந்தது. கண்டியில் இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை அறிந்தோர் மிகச் சிலரே. கலரி வகுப்பில் அமர்ந்து படம் பார்த்தோருக்கு இரண்டும் ‘அமெரிக்கப் பரிசு’ என்ற ஒற்றைப் பெயருள் அடங்கின. விருது முதலில் வந்து படம் பின்னால் வருவதே அன்றைய வழக்கமாதலால், படமாளிகைக்குள் நுழைந்தவர் ஏற்கெனவே தீர்ப்புக் கூறப்பட்ட வழக்கொன்றின் சாட்சியங்களைக் கேட்கச் சென்றவர் போல அமர்ந்திருந்தார்.

இத்தகைய படங்களுள் கண்டி மக்களின் பேச்சில் நெடிது நிலைத்தது ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ என்பதாகும். டேவிட் லீன் இயக்கிய இப்படத்தின் கதை, இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரித்தானியப் படைவீரர் தாய்லாந்தில் கட்டும் இருப்புப்பாதைப் பாலத்தைப் பற்றியது. பாலம் உண்மையில் எழுப்பப்பட்டதோ கேகாலை மாவட்டத்தின் கித்துள்கலையில், களனி கங்கையின் மீது. கண்டியிலிருந்து பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக இறங்கிச் செல்லும் பாதையில் அவ்விடத்தை அடையலாம். 1957ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இலங்கைப் புகையிரதப் பகுதியின் பழைய இயந்திரமொன்று இழுத்த வண்டியுடன் அந்த மரப்பாலம் உண்மையாகவே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. படம் 1958ஆம் ஆண்டில் நாடகப் பிரிவின் சிறந்த படம், இயக்குநர், நடிகர் ஆகிய மூன்று கோல்டன் குளோப் விருதுகளையும், அதே ஆண்டு மார்ச் 26ஆம் திகதி நடைபெற்ற ஒஸ்கார் விழாவில் ஏழு விருதுகளையும் பெற்றது. சிறந்த நடிகராக அலெக் கின்னஸ், ஒளிப்பதிவாளராக ஜக் ஹில்டியார்ட், இசையமைப்பாளராக மல்கம் ஆர்னல்ட் எனப் பட்டியல் நீண்டது.

மறுவெளியீடுகளில் இப்படத்தைப் பார்த்த கண்டித் தமிழரின் பார்வை, இப்பட்டியலின் வரிசையில் செல்லவில்லை. கின்னஸின் நடிப்பைப் பற்றிப் பேசியோர் குறைவு. ஆற்றங்கரையின் பாறைகளை அடையாளம் காட்டியோர் மிகுதி. தகர்ந்த பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்த புகைவண்டியை, உறவினர் வீட்டு மாட்டை இழந்தவர்களைப் போன்ற அக்கறையுடன் அவர்கள் விசாரித்தனர்: அது எந்தப் பாதையில் ஓடிய இயந்திரம், அதன் இரும்பு பின்னர் என்னவாயிற்று, ஆற்றின் அடியில் இன்னும் ஏதேனும் கிடக்கிறதா என்ற கேள்விகள், புகையிரதத்தில் பணியாற்றிய குடும்பங்கள் நிறைந்த நாவலப்பிட்டியில் இயல்பாகவே எழுந்தன. படைவீரர் சீழ்க்கையடித்துக்கொண்டு அணிவகுக்கும் காட்சியில் ஒலிக்கும் ‘கேணல் போகி’ மெட்டு, 1914ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட பழைய பிரித்தானிய அணிநடை இசையாக இருந்தும், கண்டிப் பாடசாலை மாணவருக்கு அது ‘குவாய் பாட்டு’ என்றே அறிமுகமாகி, விளையாட்டுப் போட்டி நாள்களில் வாத்தியக் குழுக்களால் முழங்கப்பட்டது.

பட்டியல் எப்போதும் உண்மையைக் கூறுவதில்லை என்பதையும் இப்படமே பிற்காலத்தில் உணர்த்தியது. சிறந்த தழுவல் திரைக்கதைக்கான ஒஸ்கார், மூல நாவலை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூலின் பெயருக்கு வழங்கப்பட்டது. ஆனால் திரைக்கதையை உண்மையில் எழுதியோர் கார்ல் ஃபோர்மன், மைக்கல் வில்சன் ஆகிய இருவர். பொதுவுடைமைச் சார்புடையோர் என ஐயுறப்பட்டு ஹொலிவூட்டில் தொழில் மறுக்கப்பட்டோரின் கறுப்புப் பட்டியலில் அவர்கள் இருந்தமையால், அவர்களது பெயர்கள் திரையிலும் மேடையிலும் இடம்பெறவில்லை. இருவரும் மறைந்த பின்னர், 1980களிலேயே அவர்களுக்குரிய விருது வழங்கப்பட்டது. நாட்சம்பளப் பதிவேட்டில் பெயர் விடுபட்டால் என்ன நேரும் என்பதைத் தலைமுறைகளாக அறிந்திருந்த தோட்டப் பகுதி வாசகருக்கு இச்செய்தி மேலதிக விளக்கம் எதனையும் வேண்டவில்லை.

இப்படத்தின் படப்பிடிப்பு உண்டாக்கிய விளைவுகளுள் தமிழ்ச் சினிமாவுக்கு மிகப் பயனளித்தது, அந்த ஏழு ஒஸ்கார்களில் எதுவும் அன்று. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் 1939ஆம் ஆண்டு பிறந்த பாலு மகேந்திரா, பள்ளி மாணவராக மேற்கொண்ட சுற்றுலாவின்போது இப்படப்பிடிப்பைக் காண நேர்ந்தது. இயக்குநர் ஆணையிட்டவுடன் மழை பொழிந்ததைக் கண்டு வியந்ததே தம்மைச் சினிமாவுக்கு இழுத்தது என்று அவர் நேர்காணல்களில் பலமுறை கூறியுள்ளார். பூனே திரைப்படக் கல்லூரியில் 1969ஆம் ஆண்டு ஒளிப்பதிவுப் பயிற்சியை நிறைவுசெய்த அவர், ‘கோகிலா’ என்னும் கன்னடப் படத்துக்காகவும் ‘மூன்றாம் பிறை’க்காகவும் ஒளிப்பதிவாளருக்கான இந்தியத் தேசிய விருதைப் பெற்றார், அவர் இயக்கிய ‘வீடு’, ‘வண்ண வண்ணப் பூக்கள்’ ஆகியவை சிறந்த தமிழ்ப் படங்களாகத் தேர்வுபெற்றன. ‘வீடு’ படத்தில் மழையும் ஈரமும் ஒளியும் பதிவாகியுள்ள விதத்தைக் காணும்போது, களனி கங்கைக் கரையில் பெய்த அந்தச் செயற்கை மழை வீண்போகவில்லை என்று எண்ணத் தோன்றுகிறது. இக்கூற்றை நிறுவ முடியாது. ஆயினும் கண்டியில் இதனை நம்பாதோர் அரிது.

அதே பாதையில் அமைந்த நாவலப்பிட்டிக்கு வேறொரு பெருமையும் இருந்தது. எம்.ஜி.ஆர் 1917ஆம் ஆண்டு சனவரி 17ஆம் திகதி பிறந்த ஊர் அது. தந்தையை இழந்த குடும்பம் கும்பகோணத்துக்குச் சென்றபோது அவர் சிறு குழந்தை. இந்திய அரசு 1954ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியத் திரைப்பட விருதுகளில், அவர் நடித்த ‘மலைக்கள்ளன்’ சிறந்த தமிழ்ப் படத்துக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றது. பின்னர் 1971ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் அவ்விருதுக்குப் ‘பாரத்’ என்றும், சிறந்த நடிகைக்கான விருதுக்கு ‘ஊர்வசி’ என்றும் பெயர் வழங்கின. நடிகை சாரதா பெயரின் முன் ஊர்வசி என்ற அடைமொழி நிலைபெற்றது அதனாலேயே. எம்.ஜி.ஆருக்கு விருது அளிக்கப்பட்டதன் தகுதி குறித்துத் தமிழ்நாட்டில் எழுந்த வாதங்கள் கண்டிவரை வந்தன. சிவாஜி கணேசனின் ஆதரவாளர்கள் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காக அவர் 1960ஆம் ஆண்டு கெய்ரோவில் பெற்ற ஆசிய ஆபிரிக்கத் திரைப்பட விழா விருதை எடுத்துரைத்தனர். தேநீர்க் கடைகளில் இவ்வாதம் ஒருபோதும் முடிவுக்கு வரவில்லை. ஆனால் எதிரணியினரும் நாவலப்பிட்டியைக் குறைத்துப் பேச முன்வரவில்லை.

இலங்கையின் சொந்த விருது விழாக்களைப் பொறுத்தவரை, கண்டித் தமிழரின் உறவு இவ்வளவு எளிதானதாக இருக்கவில்லை. ஏரிக்கரைப் பத்திரிகை நிறுவனமான லேக் ஹவுஸ் 1963ஆம் ஆண்டில் ‘சரசவிய’ என்னும் சிங்களச் சினிமா வார இதழைத் தொடங்கி, 1964ஆம் ஆண்டில் அதன் பெயரால் திரைப்பட விருது விழாவையும் நிறுவியது. முதல் ஆண்டில் இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘கம்பெரலிய’ சிறந்த படமாகத் தேர்வுபெற்றது. அடுத்த ஆண்டு புதுடில்லியில் நடைபெற்ற சர்வதேசத் திரைப்பட விழாவில் அதே படம் தங்க மயில் விருதை வென்றது. 1979ஆம் ஆண்டு முதல் சனாதிபதி திரைப்பட விருதுகளும் வழங்கப்பட்டன. இவ்விழாக்கள் கொழும்பில், பெரும்பாலும் சிங்களப் படங்களுக்காக, சிங்கள மொழியில் நடைபெற்றன. இலங்கையில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்கள் எண்ணிக்கையில் குறைவு. தென்னிந்தியப் படங்களுடன் போட்டியிட்டு அவை படமாளிகையில் நிலைத்ததும் குறைவு. மலையகத் தோட்டத் தொழிலாளர் வாழ்வை எடுத்துக்கொண்ட ‘புதிய காற்று’ 1975ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, அதற்குப் பின்னால் நின்ற வி.பி. கணேசன் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்தமை கண்டிப் பகுதியில் அப்படத்துக்குத் தனி ஈர்ப்பைத் தந்தது.

இருப்பினும் தேடுவோருக்குத் தொடர்புகள் அகப்படாமல் போகவில்லை. 1947ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் சிங்களப் பேசும் படமான ‘கடவுனு பொரொந்துவ’வைத் தயாரித்த எஸ்.எம். நாயகம் ஒரு தமிழர். படம் மதுரையில் உருவானது. அதன் நாயகி ருக்மணி தேவி, கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் வழியில் உள்ள றம்பொடையில் பிறந்த தமிழ்ப் பெண். சிங்களத் திரையுலகின் விருது மேடைகளில் பலமுறை ஏறிய மாலினி பொன்சேகாவைக் கண்டித் தமிழ் இல்லங்கள் அறிந்தது, 1978ஆம் ஆண்டில் சிவாஜி கணேசனுடன் அவர் நடித்த ‘பைலட் பிரேம்நாத்’ வழியாக. சரசவிய விழாப் புகைப்படங்களில் அவரைக் கண்டவுடன் ‘நம்ம சிவாஜியோட நடிச்ச பிள்ளை’ என்று மூதாட்டிகள் உரிமையுடன் சுட்டிக்காட்டினர்.

இவர்களுள் கண்டிக்கே உரியவர் தர்மசேன பத்திராஜ. 1943ஆம் ஆண்டு கண்டியில் பிறந்து, தர்மராஜக் கல்லூரியிலும் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் கற்ற அவர், ‘அஹஸ் கவ்வ’, ‘பம்பரு எவித்’, ‘சொல்தாது உன்னெஹே’ ஆகிய படங்களால் சிங்களச் சினிமாவின் இரண்டாம் தலைமுறைக்கு வழிகாட்டியாக மதிக்கப்பட்டார். தொலைக்காட்சிக்காகக் ‘கடுல்ல’ போன்ற நெடுந்தொடர்களையும் இயக்கினார். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த காலத்தில் அவர் உருவாக்கிய ‘பொன்மணி’, சாதியையும் சீதனத்தையும் யாழ்ப்பாணக் குடும்பமொன்றின் வழியாக ஆராய்ந்த தமிழ்ப் படம். அது வணிக வெற்றி பெறவில்லை. பாட்டும் சண்டையும் எதிர்பார்த்துச் சென்றோரின் பொறுமையை அதன் நிதானமான நடை சோதித்தது. கண்டியிலும் அப்படத்தை அக்காலத்தில் கண்டோர் மிகச் சிலரே என்பதும், பிற்காலத்தில் அதைக் கண்டதாகக் கூறிக்கொண்டோர் மிகப் பலர் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கவை. சிங்கள இயக்குநர் ஒருவர் எடுத்த தமிழ்ப் படத்தை எந்தப் பிரிவில் வைத்து மதிப்பிடுவது என்ற கேள்வியை, 2018ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது வெளிவந்த அஞ்சலிக் குறிப்புகளைப் படித்தோர் மீண்டும் எழுப்பினர்.

கண்டி நகரையே ஹொலிவூட்டின் கண்முன் நிறுத்திய ஆண்டு 1983. ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் இயக்கிய ‘இந்தியானா ஜோன்ஸ் அன் த டெம்பிள் ஒஃப் டூம்’ படத்தின் கதை இந்தியாவில் நிகழ்வது. திரைக்கதையின் சித்திரிப்பு இழிவானதெனக் கருதிய இந்திய அதிகாரிகள் மாற்றங்களைக் கோரியமையால் படக்குழு இலங்கைக்கு வந்தது. ஏப்ரல் 18ஆம் திகதி கண்டியில் முதன்மைப் படப்பிடிப்பு தொடங்கியது. வறட்சியால் வாடும் கிராமம் ஹந்தானைத் தேயிலைக் காணியில் அமைக்கப்பட்டது. புகழ்பெற்ற தொங்குபாலக் காட்சிக்குத் தேவையான உருக்கு வடங்களை, அருகில் விக்டோரியா அணையைக் கட்டிக்கொண்டிருந்த பல்ஃபோர் பீற்றி நிறுவனத்தின் பொறியியலாளர் பள்ளத்தாக்கின் குறுக்கே இழுத்துக் கட்டினர். மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் மிகப் பெரிய அணைக்கும் அமெரிக்க வீரக்கதைக்கும் இவ்வாறு ஒரே நிறுவனத்தின் பொறியியலாளர் பயன்பட்டனர்.

படக்குழு மே மாதத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பியது. அதன்பின் மூன்று மாதங்களுக்குள் தமிழருக்கு எதிராக வெடித்த யூலை வன்செயல் கண்டியின் தமிழ்க் கடைகளையும் எரித்தது, திரைப்படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்துக்குச் சொந்தமாக ஹெந்தளையில் இருந்த விஜயா கலையகமும் தீக்கிரையானது. ஆகவே படப்பிடிப்பைப் பற்றிய நினைவும் தீயைப் பற்றிய நினைவும் அந்த ஆண்டைக் கடந்தோரிடம் பிரிக்க முடியாதவாறு கலந்துவிட்டன. எந்தக் குடும்பம் எப்போது இந்தியாவுக்கோ கொழும்புக்கோ போனது என்பதை நினைவுகூர்வோர், ‘அந்த இங்கிலிஷ் படக்காரங்க வந்துட்டுப் போன பிறகு’ என்று காலத்தைக் குறிப்பிடுவதுண்டு.

1985ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் திகதி நடைபெற்ற ஒஸ்கார் விழாவில் இப்படம் காட்சி விளைவுகளுக்கான விருதைப் பெற்றது. காட்சி விளைவு என்பது, படப்பிடிப்பில் நேரடியாகப் பதிவாகாததை மாதிரியுருக்களாலும் ஒளியியல் உத்திகளாலும் திரையில் உண்டாக்கும் கலை. மூன்று வாரங்களுக்குள், ஏப்ரல் 12ஆம் திகதி, விக்டோரியா அணையும் பிரித்தானியப் பிரதமர் மார்கிரட் தட்சர் முன்னிலையில் திறந்துவைக்கப்பட்டது. விருது பெற்ற நால்வரின் பெயர்களைக் கண்டியில் எவரும் நினைவில் கொள்ளவில்லை. அவர்கள் நினைவில் கொண்டவர் டி.ஆர். நாணயக்கார. 1964ஆம் ஆண்டின் முதல் சரசவிய விழாவில் ‘சிக்குரு தருவ’ படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது பெற்ற அவரே இப்படத்தில் கிராமத்துப் பூசாரியாக நடித்தார். ஆங்கிலம் அறியாத அவருக்குக் கமராவின் பின்னாலிருந்து ஸ்பீல்பேர்க் ஒவ்வொரு சொல்லாகக் கூற, அவர் அதனை அப்படியே திருப்பிச் சொன்னார். அச்சொற்களில் தங்கும் தயக்கமும் இடைவெளியும் படத்தின் மிக ஆழமான நடிப்பாகத் தோற்றமளிப்பது விந்தை. இந்தியக் கிராமத்தவராகக் காட்டப்படுவோர் தம்முள் சிங்களத்தில் உரையாடுவதைக் கேட்டபோது கண்டிப் பார்வையாளரிடம் எழுந்த சிரிப்பு, உலகின் வேறெந்த அரங்கிலும் அவ்விடத்தில் எழுந்திருக்க இயலாது.

1982ஆம் ஆண்டு பெப்ரவரியில் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கிய பிறகே விருது விழாவைக் கண்ணால் காணும் வாய்ப்பு உருவானது. 1995ஆம் ஆண்டு முதல் சுமதி நிறுவனம் தொலைக்காட்சிக் கலைஞருக்கென விழா நடத்தியபோது, நாள்தோறும் வீட்டுக்குள் வரும் முகங்களே மேடையில் ஏறுவதைப் பார்ப்பதில் ஒரு புது நெருக்கம் இருந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பங்களோடு சேர்ந்து தொடர்களைப் பார்த்த தமிழ்ப் பெண்கள், யாருக்கு விருது கிடைக்க வேண்டும் என்பதில் உறுதியான கருத்துடையோராக இருந்தனர். பின்னர் செய்மதி இணைப்பின் வழியாகத் தமிழ்நாட்டின் விஜய் விருது விழா வந்தது. அதன் நீளமும் நடனங்களும் இடையிடையே நுழைந்த விளம்பரங்களும் விருதைத் துணைநிகழ்ச்சியாக ஆக்கிவிட்டன என்பது கட்டுரையாளரின் துணிபு.

2009ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் திகதி, திங்கட்கிழமை காலையில் ஒஸ்கார் விழா கண்டி வீடுகளுக்கு வந்தபோது, பழைய தேடல் இறுதியாக ஒருமுறை முழு வேகத்துடன் எழுந்தது. சனவரியிலேயே கோல்டன் குளோப் பெற்றிருந்த ஏ.ஆர். ரகுமான், ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்தின் இசைக்காகவும் பாடலுக்காகவும் இரண்டு ஒஸ்கார்களை வென்று, அம்மேடையில் தமிழில் ஒரு வாக்கியம் பேசினார். பாடல் பிரிவில் இடம்பெற்றிருந்த மூன்று பாடல்களுள் இரண்டு அவருடையவை. தோற்ற பாடலை அவருடன் இணைந்து உருவாக்கியவர், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இலண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த மாதங்கி அருள்பிரகாசம் என்னும் எம்.ஐ.ஏ. வன்னியில் போர் இறுதிக் கட்டத்தில் இருந்த வாரங்கள் அவை. அவரது பெயரைப் பொது இடத்தில் உச்சரிக்கத் தயங்கியோரும், ரகுமானின் வெற்றியைக் கடைவாசலில் இனிப்பு வழங்கிக் கொண்டாடியோரும் ஒரே தெருவில் இருந்தனர். அன்று மாலை கட்டுரையாளரின் உறவினர் வீட்டில் கூடியோர் வழக்கம்போல ‘நம்மவர்’ எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினர். எண்ணிக்கையை ஏற்க மறுத்த இளையோர், மும்பைச் சேரியை அப்படம் காட்டிய விதம் சரியா என்று கேட்க, முதியவர்கள் இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் விருது பெற்ற படத்தில் இந்திய விருந்தொன்றில் குரங்கின் மூளை பரிமாறப்பட்ட காட்சியை எடுத்துப் பேசினர். இரவுச் சாப்பாடு முடியும்வரை இரு படங்களில் எது இம்மண்ணை மோசமாகக் காட்டியது என்ற விவாதமே நடந்தது.